பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கார்

1

அம்மாவின் காருக்கு இந்த மாதத்தோடு ஐந்து வயது முடிகிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணை, பாரிஸில் இருக்கும் தங்கச்சி வசந்தி, சுவிஸில் இருக்கும் நான் என்று மூவரும் சேர்ந்து, யாழ்ப்பாணத்தை அடுத்த தீவில், நாரந்தனையில் தனியே இருக்கும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த கார் அது. அந்தரம் ஆபத்துக்கு உதவும் என்று அன்று சொல்லிக்கொண்டோம். வருடம் தவறாமல் சேவிஸ் செய்திருக்கிறோம். வருடம் தவறாமல் ஒயில் மாற்றியிருக்கிறோம். இருக்கை உறைகளை இரண்டு தடவை புதிதாகப் போட்டிருக்கிறோம். அம்மா அதில் ஏறியது ஒரே ஒரு தடவை. வாங்கிய அன்று, பிள்ளையார் கோயிலடிவரை போய் வந்தார்.

இது எனக்குத் தெரியவந்தது போன மாதம்தான். அம்மாவின் வலது கண்ணில் கண்புரை. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்திருந்தது. தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். நான் இரண்டு வார லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அம்மாவை எங்கள் காரில் கூட்டிக்கொண்டுபோய், கண்ணில் தூசு படாமல் அதே காரில் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விடவேண்டும். எதற்காக வாங்கினோமோ அதற்காக அந்தக் கார் ஒரு நாளாவது ஓடவேண்டும். என் பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

2

காரை எப்படி வைத்திருக்கவேண்டும் என்று எனக்குக் கற்பித்தது சுவிஸ். ஊரில் இருப்பவர்கள் அறியவேண்டும் என்பதற்காக அந்த முறையைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

இங்கே சேவிஸுக்குரிய காலம் வருமுன்பே கராஜிலிருந்து கடிதம் வரும். நாளும் நேரமும் ஒதுக்கித் தருவார்கள். போனால் கோப்பி தருவார்கள். வரவேற்பில் இருக்கும் பெண் என் காரின் சுகத்தை விசாரிக்கும் பரிவோடு என் குடும்ப வைத்தியர் என்னை ஒருநாளும் விசாரித்ததில்லை. ஒருமுறை பிறேக் பிடிக்கும்போது கீச்சிட்டது. அதற்குரிய ஜேர்மன் சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. 'கார் அழுகிறது' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. 'எப்போதிலிருந்து?' என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

குளிர்காலத்துக்கு ஒரு தொகுதி ரயர், கோடைக்கு இன்னொரு தொகுதி. பாவனையில் இல்லாத ரயர்களை வீட்டில் வைக்க இடமில்லாதவர்களுக்குக் கராஜ்காரர் ஒரு வசதி செய்து கொடுக்கிறார்கள். அதன் பெயரே ரயர் ஹோட்டல். கழுவி, துடைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, வெயில் படாத இடத்தில் ஆறு மாதம் தங்கவைப்பார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அகதி முகாமில் ஒரு அறைக்கு எட்டுப் பேர் படுத்தோம். என் ரயர்கள் அந்தக் கஷ்டமெல்லாம் படவில்லை.

பில்லில் 'சிறு பொருட்கள்' என்றொரு வரி இருக்கும். அது என்ன என்று ஒருமுறை கேட்டேன். மெக்கானிக் கை துடைத்த துணியும் அதில் அடக்கம் என்றார்கள். இதைத் தவிர, கார் நிற்கும் இடத்துக்கு மாத வாடகை, பெருந்தெருவில் ஓடக் கண்ணாடியில் ஒட்டும் வில்லை, காப்புறுதி, அரசாங்கத்தின் பரிசோதனை. ஓடினாலும் காசு, நின்றாலும் காசு. எல்லாம் முடிந்து காரைத் திரும்ப எடுக்கும்போது இருக்கையில் ஒரு சின்னச் சொக்லேற் வைத்திருப்பார்கள். உலகத்திலேயே விலை கூடிய சொக்லேற் அதுதான். நான் அதைச் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

3

இந்த ஒழுங்கை நாரந்தனைக்கு ஏற்றுமதி செய்தவர்கள் நாங்கள். 'அம்மா கார்' என்று வட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. சாரதி யேசுதாசனும் அதில் இருக்கிறார். அம்மா இல்லை. அவரிடம் இருப்பது பொத்தான் போன்.

விதிகளை அண்ணைதான் எழுதினார். நானும் வசந்தியும் பெருவிரல் உயர்த்திய படம் போட்டு ஆமோதித்தோம். காரில் வேறு ஆட்களை ஏற்றக்கூடாது. இருக்கைகள் பழுதாகும், நாளைக்கு ஒரு விபத்தென்றால் பொறுப்பு எங்களுக்கு. பற்றறி இறங்காமல் இருக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் யாழ்ப்பாணம்வரை ஓட்டித் திரும்பவேண்டும். திரும்பியதும் உப்புக்காற்றுப் படாமல் உறைபோட்டு மூடவேண்டும். பெற்றோல் பில்லைப் படம் எடுத்துப் போடவேண்டும். யேசுதாசன் ஒரு விதியையும் மீறவில்லை. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற மாதங்களில்கூட, தீவுச் சனம் சைக்கிளைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோதும், எங்கள் கார் பங்கீட்டுப் பெற்றோலில் வெறுமையாக யாழ்ப்பாணம் போய் வந்தது. பற்றறி நன்றாக இருந்தது.

வாகன இறக்குமதி நின்ற வருடங்களில் பழைய கார்களின் விலை ஏறியது. அண்ணைக்குக் காரில் புதிய பற்று வந்தது அப்போதுதான். 'இப்ப வித்தா எவ்வளவு தெரியுமோ?' என்று சில மாதங்களுக்கு ஒருமுறை குழுவில் எழுதுவார். விற்கமாட்டார், எழுதமட்டும் செய்வார். காணி, நகை, கார் என்று எங்கள் குடும்பச் சொத்தின் வரிசை அமைந்தது. மூன்றையும் பூட்டித்தான் வைத்திருந்தோம்.

அடுத்த தலைமுறையும் பொறுப்பேற்கட்டும் என்று என் மகன் நிலவனையும் குழுவில் சேர்த்தோம். அவனுக்குப் பத்தொன்பது வயது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கச் சொன்னால், 'ட்ரெயின் இருக்குத்தானே அப்பா' என்பான். குழுவின் பழைய செய்திகள் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறான் போல. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி ஒரு கேள்வி போட்டான். 'அப்பம்மா இதில எங்க போறவ?'

 வசந்தி ஒரு பூங்கொத்துப் படம் போட்டாள். அடுத்த நாள் அவன் குழுவிலிருந்து விலகிவிட்டான். பிள்ளைகளுக்கு ஊரில் அக்கறை இல்லை என்று அண்ணை எழுதினார்.

4

நான் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை எழும்பியபோது வீட்டில் அம்மா இல்லை. குசினியில் பிட்டு மூடியிருந்தது. பிளாஸ்கில் தேத்தண்ணி இருந்தது. முற்றத்தில் யேசுதாசன் காரின் உறையைக் கழற்றி, சட்டைபோல மடித்துக்கொண்டிருந்தார்.

யேசுதாசன் அல்லைப்பிட்டிக்காரர். தகப்பனும் சகோதரங்களும் கடலில். அவருக்கு வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றி வாந்தி வரும் என்பதால் காருக்கு வந்தவர். முன்கண்ணாடியில் அவருடைய செபமாலையும் அதற்குக் கீழே அம்மாவின் பிள்ளையாரும் சமாதானமாக இருந்தார்கள்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ அண்ணை. ரொறன்ரோ அண்ணை சொன்னவர்."

கழற்றினேன். பற்றறி ஓட்டத்தில் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். சரவணை தாண்டியதும் முன்னால் ஒரு பஸ். அது ஒவ்வொரு சந்தியிலும் நின்றது. நாங்களும் நின்றோம். தெருவில் வேறு வாகனமே இல்லை.

"முந்தும் யேசுதாசன்."

"முந்தேலாது அண்ணை. அம்மா முன்னால போறா."

"எந்த அம்மா?"

"உங்கட அம்மாதான். சனிக்கிழமையில இந்த பஸ்ஸிலதானே போறவ. அவவை முந்திக்கொண்டு போனால் மரியாதையாவே இருக்கும்?"

எனக்கு இரண்டு தரம் கேட்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு சனியும் அம்மா சந்தைக்கும் கண் கிளினிக்குக்கும் பஸ்ஸில் போகிறார். அதே சனியில் கார் பற்றறிக்காகப் பின்னால் போகிறது.

"அப்ப ஏன் நீர் அவவை ஏத்தேல்ல?"

"நான் கேக்காமல் விட்டனானே? கேட்டால், 'நீ உன்ரை ஓட்டத்தை ஓடு, நான் என்ரை ஓட்டத்தை ஓடுறன்' எண்டுவா."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடி விடுகிறாரோ என்று தெரியவில்லை. ஞாயிறு பூசையில் இருப்பவர் போல முகத்தை வைத்திருந்தார்.

வேலணையில் பஸ் நின்றது. மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிறகு உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி, "அம்மா, உங்கட கார் வந்திட்டுது!" என்றார். உள்ளே சிரிப்பு. பின்கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. என்னை அடையாளம் கண்டதும் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்கிறார். நான் காருக்குள் இருந்து தலையாட்டினேன்.

யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்தருகே அம்மாவைப் பிடித்தேன்.

"நீ ஏன் மோனை வெயிலுக்க வந்தனி?"

"வாங்கோ, காரில போவம்."

"எனக்குத் திரும்பிப் போற பஸ் கிடக்கு. இந்தா, இது பாரமாய் இருக்கு, இதைமட்டும் வை."

மரக்கறிப் பையை நீட்டினார். விதியில் ஆட்களைத்தான் ஏற்றக்கூடாது. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் குளிரூட்டிய காரில் வந்தன. அம்மா பஸ்ஸில் வந்தார்.

5

வியாழக்கிழமைக்குள் காரைச் சேவிஸ் செய்து தயாராக வைத்துவிட்டால் அம்மா மறுக்க ஏலாது என்று நினைத்தேன். திங்கள் காலை யாழ்ப்பாணத்தில் நேசன் என்பவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். முதலே நேரம் ஒதுக்கவேண்டுமா என்று கேட்டேன்.

"இஞ்ச என்ன பல்லுப் பிடுங்கிறதே, நேரம் எடுக்க? விடுங்கோ உள்ளுக்கு."

எவ்வளவு செலவாகும் என்று எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் யேசுதாசனைப் பார்த்தார். யேசுதாசன் மேலே பார்த்தார்.

சில்லுகளைக் கழற்றியதும் நேசன் கூப்பிட்டுக் காட்டினார். பிறேக் தட்டுகள் துருப்பிடித்திருந்தன. கட்டைகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து இறுகிப்போயிருந்தன. முன்மூடிக்குக் கீழே எலி கூடு கட்டியிருந்தது. இரண்டு வயர்களை அரித்திருந்தது. கூட்டுக்கு மெத்தையாக எங்கள் இருக்கை உறையின் பஞ்சு.

"மூடி மூடி வைச்சால் எலிக்கு நல்ல சுகம்தானே அண்ணை. ஓடுற காருக்கு நான் இவ்வளவு கேக்கமாட்டன். உங்கட கார் நிண்டு நிண்டு பழுதாப் போன கார்."

"எங்கட கார் ஒவ்வொரு கிழமையும் ஓடினது."

"ஓம், பஸ்ஸுக்குப் பின்னால. தெரியும்."

யாழ்ப்பாணம் முழுக்கத் தெரிந்திருந்தது.

பெற்றோலைத் தவிர, ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட எதற்கும் மூவரின் சம்மதமும் வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழமை. வீடியோவில் அழைத்தேன். அண்ணை தூக்கக் கலக்கத்தில் கட்டிலில் இருந்தார். வசந்தி வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தாள். நேசன் பிறேக் கட்டையைப் போனுக்கு நேரே பிடித்தார்.

"கிட்டக் காட்டும்," என்றார் அண்ணை.

காட்டினார்.

"இன்னும் கிட்ட."

"இனி உங்கட மூக்கிலதான் வைக்கவேணும்."

உள்ளூரில் கிடைக்கும் கட்டை வேண்டாம், ஒரிஜினல்தான் போடவேண்டும் என்றார் அண்ணை. ஆவணியில் திருவிழாவுக்கு வரும் ஒருவரிடம் கனடாவிலிருந்தே கொடுத்து அனுப்பலாம். அதுவரை? அதுவரை கார் நிற்கட்டும், அவசரம் என்ன. இன்னொரு கராஜிலும் காட்டி அபிப்பிராயம் கேட்கவேண்டும் என்றாள் வசந்தி. உள்ளூர்க் கட்டைக்குத் தரச் சான்றிதழ் ஏதும் உண்டா என்று நான் கேட்டேன். இதை எழுதும்போது விளங்குகிறது, மூவரில் நான்தான் நேரில் நின்றவன். வியாழக்கிழமையை நினைவில் வைத்திருக்கவேண்டியவனும் நான்தான்.

நேசன் கையைத் துடைத்தார். அந்தத் துணிக்கு அவர் காசு கேட்கவில்லை.

"மூண்டு நாட்டு மந்திரிசபையும் கூடி ஒரு முடிவுக்கு வாங்கோ. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

செவ்வாய் கழிந்தது. ரொறன்ரோ விழித்திருந்தபோது பாரிஸ் வேலையில் இருந்தது. ரொறன்ரோ ஓய்ந்தபோது பாரிஸ் நித்திரை. புதன் மாலைவரை குழுவில் வந்த செய்திகளில் பெரும்பகுதி துருவைப் பற்றியது. துரு அகற்றும் ஒரு திரவத்தின் விளம்பரத்தை அண்ணை அனுப்பியிருந்தார். அம்மாவின் கண்ணைப் பற்றி வசந்தி ஒரு கும்பிடும் கை போட்டிருந்தாள். கார் சில்லுகள் இல்லாமல் நான்கு முட்டுகளில் நின்றது.

6

புதன் மாலை குசினியில் அம்மா சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கார் வராது, ஒரு வானைப் பிடிக்கிறேன் என்றேன்.

"வேண்டாம். பஸ் கிடக்கு. பூமணியும் வாறாள்."

பூமணி அக்கா பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் அந்தக் காரில ஏறுறேல்ல?"

மீனைத் திருப்பிப் போட்டார். பிறகு கதிரையை இழுத்து அமர்ந்தார்.

"வாங்கின அண்டைக்குக் கோயிலால வரேக்க பூமணி சந்தியில பையோட நிண்டவள். நல்ல வெயில். நான் பின்சீற்றில தனிய. ரொறன்ரோவால வந்த கொண்ணை முன்னுக்கு இருந்து, 'நிப்பாட்டாதை, முதல் ஓட்டம்' எண்டு யேசுதாசனுக்குச் சொன்னவன். கார் அவளைத் தாண்டிப் போச்சு. நான் அவளைப் பாத்தனான், அவள் என்னைப் பாத்தவள்."

"பிறகு?"

"பிறகென்ன? ஒரு வருசமாய்க் கதையில்லை. அடுத்த வருசம் நான் பஸ்ஸில ஏற, தள்ளி இருந்து இடம் விட்டவள்."

"இதுக்கோ அம்மா?"

"இதுக்குத்தான். நாலு சீற்றும் வெறுமையாய்க் கிடக்க, தெருவில நிக்கிற ஆரை நான் விட்டிட்டுப் போறது? எல்லாரும் என்னைத் தெரிஞ்சவை. ஏத்தினால் நீங்கள் அங்கயிருந்து எழுதுவியள். ஏத்தாட்டில் இவையள் இங்க கதைப்பினம். பஸ்ஸில போனால் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"அவையள் கதைச்சால் கதைக்கட்டும்."

"நீ ரெண்டு கிழமையில போயிடுவாய் மோனை. நான் இஞ்ச இருக்கிறவள். நான் செத்தால் பாடையைக் காவுறது இவையள்தான். உங்கட கார் வந்து காவாது."

மீன் கருகத் தொடங்கியது. எழும்பி அடுப்பைக் குறைத்தார்.

"என்ரை கார் எண்டால், ஆரை ஏத்திறது எண்டு நான் சொல்லவேணும். உங்கட கார் எண்டால் நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு அதால ஒரு கரைச்சலும் இல்லை. கோழியள் கீழ படுக்குதுகள்."

இத்தனை வருடமாக நான் இரண்டு நாடுகளில் கார்ச் செலவுகளை ஒழுங்காகக் கவனித்து வருகிறேன். ரயரின் தங்குமிட வாடகை எனக்குத் தெரியும். வெறும் சீற்றோடு ஒருவரைத் தாண்டிப் போவதற்கு நாரந்தனையில் என்ன விலை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை ஒருமுறை கட்டியவர் அம்மா. மறுபடி கட்ட மனமில்லாமல் பஸ்ஸில் போனார்.

7

வியாழன் விடிய அம்மா, பூமணி அக்கா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். கொண்டக்டர் பின்னால் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இண்டைக்குக் கார் வரேல்லையோ? லீவோ?" என்றார். "அதுக்கும் சுகமில்லை," என்றார் அம்மா.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தாதி வந்து கண்ணை மூடிய பஞ்சைக் காட்டி எச்சரித்தார்.

"தூசு படக்கூடாது. பஸ்ஸில கொண்டுபோகாதேங்கோ. வாகனம் இருக்குத்தானே?"

இருக்கிறது என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து போனை எடுத்தேன். குழுவில் புதிய செய்திகள் வந்திருந்தன. அதைத் திறக்காமல் நேசனுக்கு அடித்தேன்.

"நேசன், உங்களிட்டை என்ன கட்டை கிடக்கோ அதைப் போடுங்கோ. மற்றவையளிட்டை நான் கதைக்கிறன்."

"அதை நேற்று இரவே போட்டிட்டன் அண்ணை. நீங்கள் மூண்டுபேரும் முடிவெடுக்கும்வரை மற்றவன்ரை காரை நான் எங்க விடுறது? யேசுதாசன் வெளிக்கிட்டிட்டான், ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருப்பான்."

கார் வந்து நின்றதும் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு அதைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். செருப்பைக் கழற்றப்போனார்.

"கழட்டாதேங்கோ," என்றேன். "இது உங்கட கார். ஆரை ஏத்தினாலும் நான் கேக்கமாட்டன். அண்ணைக்கு நான் சொல்லுறன்."

"சொல்லுவியோ?"

"ஓம்."

"பாப்பம்," என்று சொல்லிவிட்டு, செருப்போடு முன்சீற்றில் ஏறினார். பூமணி அக்காவும் நானும் பின்னால்.

என் வாக்குக்குச் சோதனை பண்ணைப் பாலத்தடித் தரிப்பிடத்திலேயே வந்தது. "யேசுதாசன், நிப்பாட்டும்," என்றார் அம்மா. ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அதற்குள்ளாலும் ஆளைக் கண்டுவிட்டார். தபால் கந்தோரில் வேலைசெய்து இளைப்பாறிய செல்லத்துரை அண்ணை பிண்ணாக்கு மூட்டையோடு நின்றார்.

"நான் பஸ்ஸில வருவன் பிள்ளை, மூட்டை கிடக்கு..."

"மூட்டையையும் ஏத்துங்கோ."

மூட்டை பின்பெட்டியில் ஏறியது. செல்லத்துரை அண்ணை என் பக்கத்தில் ஏறினார். பிண்ணாக்கின் மணம் குளிரூட்டியின் வழியாக எல்லோருக்கும் சமமாக வந்தது. பாலத்தில் காற்று அடித்தது. கண்ணாடிகள் மூடியிருந்தன. அம்மாவின் கண்ணுக்கு ஒரு தூசும் படவில்லை. நான் திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

அல்லைப்பிட்டிச் சந்தியில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையும் காலடியில் காஸ் சிலிண்டருமாக நின்றாள்.

"நிப்பாட்டும்."

"அம்மா, இடமில்லை," என்றேன்.

அம்மா தலையை மெதுவாகத் திருப்பினார். டொக்டர் சடுதியாகத் திரும்பவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"கிடக்கு. நீ இறங்கு மோனை. பின்னால பஸ் வருது."

பூமணி அக்கா வேறு பக்கம் பார்த்தார். யேசுதாசனின் முகம் மறுபடியும் பூசைக்குப் போய்விட்டது. நான் இறங்கினேன். சிலிண்டரை நானே தூக்கி, பூமணி அக்காவின் காலடியில், புது விரிப்பின் மேல் வைத்தேன். அந்தப் பெண் பிள்ளையோடு என் இடத்தில் ஏறினாள். பிள்ளை கையில் பாதி தின்ற வடை. அதை இருக்கை உறையில் துடைத்தது. கதவை மூடினேன். கார் கொஞ்சம் பதிந்துகொண்டு புறப்பட்டது. வாங்கிய நாளிலிருந்து அது அப்படிப் பதிந்து ஓடி நான் பார்த்ததில்லை, படத்திலும்.

பஸ் வந்தது. ஏறினேன். காலையில் வந்த அதே கொண்டக்டர். என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் ரிக்கற் கிழித்தார்.

போன் அடித்தது. அண்ணை.

"டேய் தம்பி, இரவு முழுக்க யோசிச்சனான். முடிவு எடுத்திட்டன். ஒரிஜினல்தான். ஆவணியில குடுத்து விடுறன்."

"சரி அண்ணை."

"கார் இப்ப எங்க நிக்குது?"

"நிக்கேல்ல. ஓடுது."

"ஓடுதோ? ஆர் முடிவெடுத்தது? உள்ள ஆர் இருக்கிறது?"

அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முன்கண்ணாடியால் எட்டிப் பார்த்து, ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினேன். அம்மா, பூமணி அக்கா, செல்லத்துரை அண்ணை, பெயர் தெரியாத ஒரு பிள்ளை, அதன் தாய், ஒரு சிலிண்டர், ஒரு மூட்டை. ரொறன்ரோவில் சீற்றுகளை எண்ணிப் பார்த்தார் போல. பிறகு, "நீ எங்க இருக்கிறாய்?" என்று கேட்டார்.

"பின்னால."

சட்டைப்பையில் கைவைத்தபோதுதான் நினைவு வந்தது. வீட்டைப் பூட்டிய திறப்பு என்னிடம். அம்மா போய் இறங்கிப் படலையடியில் வெயிலில் நிற்கவேண்டும். பஸ்ஸோ எங்கள் காருக்கு நேர் பின்னால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனது. தெருவில் வேறு வாகனம் இல்லை.

"தம்பி, றைவரிட்டைச் சொல்லும், அந்தக் காரைக் கொஞ்சம் முந்தச் சொல்லி," என்று கொண்டக்டரைக் கேட்டேன்.

அவர் முன்னால் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முந்தேலாது அண்ணை. அம்மா முன்னால போறா."